இருபத்தோராம் வரிசைக்குப் போன உதைபந்து

சிறிதரனின் வலது முழங்காலில் சவ்வு கிழிந்து பதினாறு மாதமாகியிருந்தது. பொது ஆஸ்பத்திரி வரிசையில் பெயரைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்ததில் ஒருவழியாகத் திகதி வந்தது. யூன் பதினேழு. சத்திரசிகிச்சைக்குப் பிறகு ஆறு கிழமை வேலைக்குப் போகக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது என்று கடிதத்திலேயே எழுதியிருந்தார்கள்.

அந்த ஆறு கிழமைதான் பிரச்சினை. மெல்பேர்ணுக்கு மேற்கே ட்ருகனினாவில் உள்ள பண்டகசாலை ஒன்றில் அவன் ஐந்து வருடமாக வேலை செய்கிறான். ஆனால் பண்டகசாலையின் ஆள் இல்லை, ஏஜென்சியின் ஆள். முதல்நாள் பின்னேரம் ஃபோனுக்கு மெசேஜ் வந்தால் அடுத்த நாள் வேலை. வராவிட்டால் இல்லை. யாரும் யாரையும் நிற்பாட்டுவதில்லை, மெசேஜ் வராமல் போகும், அவ்வளவுதான். ஆறு கிழமை வராதவனுக்கு ஏழாம் கிழமை மெசேஜ் வந்ததை இந்த ஐந்து வருடத்தில் சிறிதரன் கண்டதில்லை. முதுகு பிடித்துப்போன இரத்தினசிங்கம் இரண்டு மாதம் வீட்டில் இருந்துவிட்டு வந்து கேட்டபோது அவருடைய பெயரே லிஸ்டில் இல்லை.

இந்த நிலையில்தான் ஏப்ரல் கடைசியில் மனேஜர் டரன் எல்லோரையும் கூப்பிட்டு ஒரு விசயம் சொன்னான். ஏஜென்சி ஆட்களில் சிலரைப் பெர்மனன்ட் ஆக்கப் போகிறார்கள். ஆறு கிழமை கணக்கெடுப்பு. ஒரு நாளும் வேலைக்கு வராமல் நிற்கக்கூடாது. மணித்தியாலத்துக்குத் தொண்ணூறு லைன் சராசரி வரவேண்டும். ஸ்கானர் ஒரு பொருளைக் காட்டும், ராக்கைக்குப் போய் அதை எடுத்து ஸ்கானரைப் பிடித்தால் பீப் என்று ஒரு சத்தம், அதுதான் ஒரு லைன். பெர்மனன்ட் ஆனவன் சம்பளமில்லாத லீவு எடுக்கலாம், திரும்பி வரும்போது அவனுடைய இடம் இருக்கும்.

சிறிதரன் கையால் தொட்டுப் பார்க்காமலே முழங்காலின் வீக்கத்தை அளக்கப் பழகியவன். காலையில் இரண்டு குளிசை, மத்தியானம் ஒன்று, இறுக்கமான பட்டி. முதல் கிழமை தொண்ணூற்றைந்து வந்தது. இரண்டாம் கிழமை தொண்ணூற்றுநாலு. மனைவி நாகேஸ்வரி குளிர்சாதனப் பெட்டிக் கதவில் அந்த இரண்டு எண்ணையும் எழுதி ஒட்டினாள்.

மூன்றாம் கிழமை தொடங்குவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை அமெரிக்கச் சாமான் வந்தது.

ஓர் அமெரிக்க விளையாட்டு உடுப்புக் கம்பனி. ஒன்லைனில் அவுஸ்திரேலியாவுக்கு விற்கப் போகிறார்கள், சாமான் இங்கே இறக்கி வைக்கப்படும். மரத்தட்டில் அடுக்கிக் கட்டிய பொதிகள், மொத்தம் எண்பது பலெட். பாதி உதைபந்து: சேர்ட், காற்சட்டை, நீளக் காலுறை, கணைக்காலில் கட்டுகிற காப்பு. பாதி ஐஸ் ஹொக்கி: கம்பளி போலத் தடித்த, ஆள் இரண்டு பேர் உள்ளே போகக்கூடிய ஜேர்சிகளும் தொப்பிகளும். பொதி கட்டும் மேசைக்குக் கிட்ட மூன்றாம் வரிசையில் நாற்பது பலெட்டுக்குத்தான் இடம். மற்ற நாற்பதும் இருபத்தோராம் வரிசைக்குப் போகவேண்டும். அது நூற்றைம்பது மீற்றர் தள்ளி, பின்சுவரோடு. போய் வர முந்நூறு.

எது கிட்ட, எது தூர என்று தீர்மானிக்க வேண்டியவள் ப்ரீத்தி. கோயம்புத்தூர்ப் பெண், இருபத்தெட்டு வயதிருக்கும். மெல்பேர்ணில் மாஸ்டர்ஸ் முடித்துவிட்டு, சாமான் வைக்கும் இடங்களைத் திட்டமிடும் வேலைக்கு வந்து நாலு மாதம். அவளும் இன்னும் தகுதிகாண் காலத்தில்தான் இருந்தாள். ஸ்மோக்கோ என்கிற காலைத் தேநீர் இடைவேளையில் லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு சாப்பாட்டு அறைக்கு வந்தாள். அங்கே சிறிதரனும், உயரத் தட்டுகளில் பலெட் ஏற்றி இறக்கும் ரீச் ட்ரக் ஓட்டுகிற பழனிசாமியும் இருந்தார்கள். பழனிசாமி ஈரோட்டுப் பக்கம். பெர்மனன்ட் ஆகி மூன்று வருடம், அதனால் வாய்க்குப் பூட்டில்லை.

"அங்கிள், ஒரு டவுட்" என்றாள் ப்ரீத்தி. "அமெரிக்கால சாக்கர் பெருசா, ஐஸ் ஹாக்கி பெருசா? அவங்க அனுப்பின ரிப்போர்ட்ல அங்க வித்த டாலர் மட்டும்தான் இருக்கு. அதுல ஹாக்கிதான் மேல. ஆனா கூகிள்ல தேடினா விளையாடுறவங்க சாக்கர்லதான் ஜாஸ்தின்னு வருது. குழப்பமா இருக்கு."

"இதுல என்னம்மா குழப்பம்" என்றான் பழனிசாமி. "எங்கக்கா பொண்ணு கிரிஜா டல்லாஸ்ல இருக்குது. சனிக்கிழமையானா ஊரே சாக்கர் கிரவுண்டுலதான். ரெண்டு பசங்களையும் வேன்ல ஏத்திட்டுப் போய் மத்தியானம் வரைக்கும் வெயில்ல நிக்குதாம். அடுத்த வருசம் வேர்ல்ட் கப்பே அங்கதானுங்க."

"அவன் இடத்தை வாடகைக்குக் குடுக்கிறான், மற்ற நாட்டுக்காரர் வந்து அடிக்கப் போறாங்கள்" என்றான் சிறிதரன். "குழந்தையள் விளையாடுறது வேறை, ஊர் பைத்தியமா நிண்டு பாக்கிறது வேறை. கிரிஜாவைக் கேள், மகன்ரை மச் முடிஞ்ச பிறகு ரீவியிலை சொக்கர் பாக்கிறவளோ எண்டு."

"ரீவில அது சீரியல்தான் பாக்கும்."

"பாத்தியே."

"ஏனுங்ணா, அப்ப ஐஸ் ஹாக்கிய மட்டும் யாரு பாக்கறாங்க? டல்லாஸ்ல ஐஸ் கூல்டிரிங்ஸ்லதான் இருக்குது."

ப்ரீத்தி சிரித்தாள். சிறிதரனுக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்றாம் வரிசையா இருபத்தோராம் வரிசையா என்பது அவனுக்கு முழங்கால் விசயம். பிழையானது தூரப் போனால் நாளுக்கு ஐந்தாறு கிலோமீற்றர் கூட நடக்கவேண்டும், தொண்ணூறு வராது.

"பொறு பிள்ளை, நான் ஆளைக் கேட்டுச் சொல்லுறன்" என்றான்.

கேட்ட ஆள் ஜெயரட்ணம், நாகேஸ்வரியின் தமையன். இருப்பது ரொறன்ரோவில். சிறிதரன் வீட்டில் "அமெரிக்கா கனடா" என்று ஒரே மூச்சில்தான் சொல்வார்கள். இரண்டும் ஒரே பக்கம், ஒரே குளிர், ஒரே நேரம். அந்தப் பக்கத்தைப் பற்றி எது தெரியவேண்டுமென்றாலும், குளிருக்குப் போடுகிற சப்பாத்திலிருந்து அங்கத்தைய ஜனாதிபதி வரைக்கும், கேட்பது ஜெயரட்ணத்திடம்தான். அதுவும் அவர் பெரிய லொறி ஓட்டுபவர், கிழமைக்கு மூன்று தரம் எல்லை தாண்டுபவர். அவரைவிட அமெரிக்கா தெரிந்தவர் குடும்பத்தில் கிடையாது.

மெல்பேர்ணில் காலை பத்து, ரொறன்ரோவில் முதல்நாள் இரவு எட்டு. ஜெயரட்ணம் ஃபோனை எடுத்தபோது பின்னால் ரீவி அலறிக்கொண்டிருந்தது.

"மச்சான், ஒரு கேள்வி. அங்காலை சொக்கர் பெரிசோ, ஐஸ் ஹொக்கி பெரிசோ?"

"உனக்கென்ன விசரோ, இப்ப ஹொக்கி பிளேஓஃப் நடக்குது, வீட்டிலை ஒருத்தரும் சாப்பிடேல்லை" என்றார் ஜெயரட்ணம். "ஹொக்கிதான். ரோட்டாலை போற கார் எல்லாத்திலையும் கொடி. சொக்கர் எங்கட பெடியள் கோடையிலை சும்மா அடிக்கிறது."

"அமெரிக்காப் பக்கம்?"

"நான் நேற்றும் பஃபலோ போய் வந்தனான். முந்தநாள் டிற்றோயிற். பெற்றோல் ஸ்ரேசனிலை, கோப்பிக் கடையிலை, எல்லா இடமும் அதே கதைதான். எழுதி வை, ஹொக்கி."

சிறிதரன் வந்து ப்ரீத்தியிடம் அப்படியே சொன்னான். அமெரிக்காவில் லொறி ஓட்டுகிற மச்சான் சொன்னார் என்றான். ரொறன்ரோ என்ற சொல் அவன் வாயில் வரவில்லை. மறைக்க நினைத்து அல்ல. சொல்லவேண்டிய விசயமாக அவனுக்குத் தோன்றவேயில்லை. ப்ரீத்தி லப்டொப்பில் இருந்த டொலர் கணக்கை இன்னொரு தரம் பார்த்தாள். மச்சான் சொன்னதும் அதுவும் ஒன்றுபோல இருந்தன. ஹொக்கி மூன்றாம் வரிசைக்கு, உதைபந்து இருபத்தோராம் வரிசைக்கு என்று எழுதி டரனுக்கு அனுப்பினாள். பழனிசாமி தலையில் அடித்துக்கொண்டே நாற்பது பலெட்டையும் பின்சுவருக்குக் கொண்டுபோய் ஏற்றினான்.

திங்கட்கிழமை ஓடர் வரத் தொடங்கியது. ஸ்கானர் சிறிதரனை இருபத்தோராம் வரிசைக்குப் போகச் சொன்னது. போய்த் தள்ளுவண்டியில் ஒரு சுற்றுக்கான காலுறைகளை எடுத்துக்கொண்டு வந்தான். மறுபடி இருபத்தோராம் வரிசை. சிறுவர் சேர்ட், பத்தாம் சைஸ். மறுபடி அங்கேயே. மத்தியானம்வரை மூன்றாம் வரிசையைக் காட்டியது நாலு தரம். ஹொக்கி ஜேர்சிகள் நடைபாதை ஓரத்தில், இடுப்பளவு உயரத்தில், கை நீட்டினால் எட்டுகிற இடத்தில் அசையாமல் இருந்தன.

முதல்நாள்தானே என்று நினைத்தான். செவ்வாயும் அப்படி, புதனும் அப்படி. பட்டிக்குள்ளே முழங்கால் பொங்கிப் பட்டியின் ஓரம் சதையில் பதிந்தது. அந்தக் கிழமை எண்பத்துநாலு. நாலாம் கிழமை எண்பது. நாகேஸ்வரி எண்களை ஒட்டுவதை விட்டுவிட்டாள்.

"அண்ணர் பொய் சொல்ல மாட்டார்" என்றாள்.

"அவர் பொய் சொல்லேல்லை. பஃபலோவிலை அப்பிடித்தான் இருக்கும்."

"அப்ப?"

அவன் பட்டியைக் கழற்றத் தொடங்கினான். நாலாம் கிழமை வியாழக்கிழமை, பொதி கட்டும் மேசையில் கால் நோவுக்குச் சாய்ந்து நின்றபோதுதான் அதற்குப் பதில் தெரிந்தது. சிவனேஸ்வரி அக்கா பெட்டிகளுக்கு விலாசம் ஒட்டிக்கொண்டிருந்தார். மெல்பேர்ண் பக்கம் டார்னிற். கிரேகிபர்ன். டன்டினோங். சிட்னிப் பக்கம் பிளக்டவுன், லிவர்பூல். பெட்டி எல்லாம் உதைபந்து. டல்லாஸும் இல்லை, டிற்றோயிற்றும் இல்லை.

"அக்கா, உந்த ஹொக்கி ஜேர்சி போனதைக் கண்டனீங்களோ?"

"கிழமைக்கு அஞ்சாறு போகும். உந்த ஜேர்சியைப் போட்டுக்கொண்டு எங்கை போறது? ஐஸ் இருக்கிற இடம் இந்த மெல்பேர்ணிலை ஒண்டு ரெண்டுதான்" என்றார் சிவனேஸ்வரி. "சொக்கர் அப்பிடியே? என்ரை பேரன் சனி ஞாயிறு வீட்டிலை நிக்கிறதில்லை. சீசன் இப்பத்தானே தொடங்கினது, எல்லாப் பிள்ளையளுக்கும் புதுக் காலுறை வேணும்."

சிறிதரனுக்குத் தன்னை ஓங்கி அறையவேண்டும் போலிருந்தது. அவன் வீட்டு முடக்கில் மைதானம் இருக்கிறது. ஒவ்வொரு சனியும் அதைத் தாண்டித்தான் கடைக்குப் போகிறான். நூறு நூற்றைம்பது பிள்ளைகள் நிறம் நிறமாக ஓடுவதைக் கண்டுகொண்டே போயிருக்கிறான். சாமான் அமெரிக்காவிலிருந்து வந்ததென்றால் வாங்குகிறவனும் அமெரிக்காவிலா இருப்பான்? இந்தக் கேள்வியை மூன்று பேரில் ஒருவரும் கேட்கவில்லை. டல்லாஸ் கதை வந்திருக்கிறது, ரொறன்ரோவுக்கு ஃபோன் போயிருக்கிறது. பக்கத்தில் நின்று விலாசம் ஒட்டுகிற அக்காவிடம் யாரும் கேட்கவில்லை.

நேரே மேலே ப்ரீத்தியின் அறைக்குப் போனான். படியில் ஏறும்போது கைபிடியைப் பிடித்துத்தான் ஏறவேண்டியிருந்தது.

"பிள்ளை, நான் உனக்கு ஒண்டு சொல்லவேணும். அண்டைக்கு நான் கேட்டது கனடாவிலை."

அவள் திரும்பிப் பார்த்தாள். "அங்கிள், கனடா வேற நாடு."

"தெரியும். அண்டைக்கு அது மனசிலை வரேல்லை. எங்கட வீட்டிலை ரெண்டும் ஒண்டுதான்."

 அவள் லப்டொப்பை அவன் பக்கம் திருப்பினாள். "நானும் ஒண்ணு சொல்லணும். அவங்க அனுப்பினது டாலர். ஒரு ஹாக்கி ஜெர்சி விலைக்கு அஞ்சு ஜோடி சாக்ஸ் வரும். பீஸ் கணக்கு கேட்டிருக்கணும், கேக்கல. போன வாரமே தெரியும். டரன் கிட்ட எப்படிச் சொல்றதுன்னு..." நிறுத்தினாள். "எண்பது பேலட்டையும் மாத்தணும்னா ஒரு சனிக்கிழமை ஓவர்டைம். அவர் கையெழுத்துப் போடணும்."

போன கிழமையே தெரியும் என்றது சிறிதரனின் காதில் தனியாக விழுந்தது. இரண்டு கிழமையாக அவன் அந்த முந்நூறு மீற்றரை நடந்துகொண்டிருந்தான். கோபம் வந்தது. தொடக்கி வைத்தது தன் வாய்தான் என்பதும் கூடவே வந்ததால் அதை விழுங்கினான்.

"எண்பதையும் மாத்தத் தேவையில்லை" என்றான். "ஓடுறது ஒம்பது பலெட்தான். பிள்ளையளின்ரை எட்டு, பத்து, பன்ரெண்டாம் சைஸ். காலுறை வெள்ளை, கறுப்பு, நீலம். காப்பு சின்னது. எந்தப் பலெட் எந்தத் தட்டிலை எண்டு நித்திரையிலையும் சொல்லுவன். நீ கொம்பியூட்டரிலை ஒம்பது ஹொக்கிப் பலெட்டோடை இடத்தை மாத்து, பழனி சாப்பாட்டு நேரத்துக்குள்ளை இறக்குவான்."

பழனிசாமி தயிர்சாதப் பெட்டியை மூடிவைத்துவிட்டு எழுந்து வந்தான். "நான் அன்னைக்கே சொன்னனுங்ணா" என்று முதல் பலெட்டை இறக்கும்போது சொன்னான். இரண்டாவதுக்கும் சொன்னான். ஒன்பதாவதுக்கும் சொன்னான்.

"நீ சொன்னதும் டல்லாஸ்தானே, இஞ்சத்தைக் கதை இல்லையே" என்றான் சிறிதரன்.

"ஆனா சரியாச் சொன்னன்ல?"

"பிழையான இடத்தைக் கேட்டு சரியாச் சொன்னனீ. வை, மெல்ல."

ஐந்தாம் கிழமை தொண்ணூற்றொன்று. ஆறாம் கிழமை தொண்ணூற்றிரண்டு. கணக்கு வியாழனோடு மூடியது. வெள்ளிக்கிழமை காலை ஸ்கானரைச் சார்ஜில் போட்டுவிட்டு ஒரு காட்போட் துண்டில் ஆறு எண்ணையும் எழுதிக் கூட்டி ஆறால் பிரித்தான். எண்பத்தொன்பது தசம் மூன்று.

மறுபடி பிரித்தான். அதேதான்.

படியேறினான். ப்ரீத்தியின் திரையிலும் அதே எண் இருந்தது. அவளும் ஏற்கனவே பார்த்துவிட்டாள் என்பது முகத்தில் தெரிந்தது.

"அங்கிள், பன்னண்டு மணிக்கு லிஸ்ட் போகணும். தொண்ணூறுக்குக் கீழ இருந்தா சிஸ்டமே எடுத்துடும். அடுத்த ரவுண்டு ஆகஸ்ட்ல இருக்கு..."

"யூனிலை எனக்கு முழங்கால் ஒப்பரேசன். ஓகஸ்டிலை நான் ஏஜென்சி லிஸ்டிலையே இருக்க மாட்டன்."

அவள் தன் நகத்தைப் பார்த்தாள்.

"மூண்டாம் கிழமையும் நாலாம் கிழமையும் கழிச்சுப் பார். தொண்ணூற்றுமூண்டு வரும்" என்றான் சிறிதரன். "அந்த ரெண்டு கிழமையும் சாமான் பிழையான இடத்திலை இருந்தது. அதை எழுது."

"எழுதினா நான் போட்ட பிளான் தப்புன்னு ஆகும். என் ப்ரொபேஷன் ஜூலைல முடியுது. விசாவும் இந்த வேலையோடதான் ஒட்டிட்டு இருக்கு."

"எனக்கு விளங்குது, பிள்ளை. நானும் விசாவுக்குப் பத்து வருசம் நிண்டவன்." அவன் கதிரையில் உட்காராமல் மேசையில் கையை ஊன்றினான். "ஆனா ஒண்டு. நீ எழுதாட்டியும் அது பிழைதான். என்ரை பேரையும் போடு. சிறிதரன் கனடாவிலை கேட்டுச் சொன்னவன் எண்டு போடு. டரன் சிரிக்கட்டும்."

அவள் திரைப்பக்கம் திரும்பினாள். அவன் இறங்கி வந்தான். வேலை இருந்தது.

"எழுதாதுங்ணா" என்றான் பழனிசாமி, ரீச் ட்ரக்கை அவன் பக்கத்தில் நிறுத்தி. "சின்னப் பொண்ணு. விசா பயம். நானா இருந்தாலும் எழுத மாட்டன்."

"நானும் எழுதியிருக்க மாட்டன்" என்றான் சிறிதரன். அதுதான் உண்மை. அவளுக்குத் தன்னைவிடக் கூட நெஞ்சுரம் இருக்கவேண்டும் என்று கேட்டுவிட்டு வந்திருக்கிறோம் என்பது அவனுக்குத் தெரியும்.

பன்னிரண்டு மணி தாண்டியது. ஒரு மணி தாண்டியது. ஸ்கானர் காட்டிய இடத்துக்கெல்லாம் போனான், வந்தான். இரண்டரைக்கு டரன் ஒலிபெருக்கியில் அவனைக் கூப்பிட்டான்.

டரன் ஆறரை அடி உயரம், உதைபந்தையும் ஹொக்கியையும் சேர்த்து வெறுக்கிற, ஃபூற்றி என்கிற அவுஸ்திரேலியப் பந்தாட்டத்துக்காரன். திரையில் ஒரு மின்னஞ்சல் திறந்திருந்தது. ப்ரீத்தி சுவரோரம் நின்றாள்.

அமெரிக்காவில் எது பிரபலம் என்று கேட்க என் ஆட்கள் கனடாவுக்கு ஃபோன் போட்டு, அதை வைத்துத்தான் என் பண்டகசாலையை அடுக்கினார்களா, என்று டரன் ஆங்கிலத்தில் கேட்டான்.

யெஸ், என்றான் சிறிதரன். டல்லாஸ் கதையும் ஒன்று வந்தது, அதை நாங்கள் கேட்கவில்லை என்றான்.

டரன் மூக்கால் ஒரு சத்தம் விட்டான். சிரிப்பா இல்லையா என்று சொல்ல முடியாது. ஒன்பது பலெட்டை மாற்றச் சொன்னது யார் என்று கேட்டான். சிறிதரன் ப்ரீத்தியைப் பார்த்தான். அவள், அது சிறிதரனின் யோசனை, எழுதியிருக்கிறேன் என்றாள். டரன் மின்னஞ்சலைக் கடைசிவரை உருட்டிப் படித்தான். பிறகு கல்குலேட்டரை எடுத்து நாலு எண்ணைக் கூட்டி நாலால் பிரித்தான். தொண்ணூற்றுமூன்று. பெர்மனன்ட் தாளில் ஒரு கையெழுத்துப் போட்டு மேசைமேல் தள்ளினான்.

ப்ரீத்தியின் தகுதிகாண் காலத்தை இன்னும் மூன்று மாதம் நீட்டியிருப்பதாக, கனடாவைப் பற்றிக் கேட்ட அதே குரலில் சொன்னான். அவள் ஓகே என்றாள்.

வெளியே வந்து படியில் இருவரும் நின்றார்கள். நன்றி என்ற சொல்லைச் சொல்லச் சிறிதரனுக்குக் கூச்சமாக இருந்தது.

"விசாவுக்கு ஏதும் பிரச்சினை வருமோ?"

"வேலை இருக்கிற வரைக்கும் வராது, அங்கிள்." அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நான் நாளைக்கு மிச்ச பேலட்டையெல்லாம் சரியா மாத்தணும். டரன் ஓவர்டைம் குடுத்துட்டார். வருவீங்களா?"

"வாறன். ஆனா நான் ஏற மாட்டன், கீழை நிண்டுதான் சொல்லுவன்."

"அது போதும்."

வேலை முடிந்ததும் காரில் ஏறினான். வண்டியை எடுக்காமல் இருந்து ஆஸ்பத்திரிக்கு ஃபோன் போட்டான். பதினைந்து நிமிடம் பாட்டுக் கேட்க வைத்தார்கள். பிறகு ஒரு நேர்ஸ் வந்து பெயரும் பிறந்த திகதியும் கேட்டு, யூன் பதினேழு வருகிறீர்களா, சிலர் கடைசி நேரத்தில் வேலை என்று சொல்லி வராமல் நிற்கிறார்கள், வர முடியாதென்று இப்போதே சொன்னால் இடத்தை வேறு ஆளுக்குக் கொடுக்கலாம் என்றாள்.

வருகிறேன் என்றான்.

ஆறு கிழமை லீவு எடுக்க முடியுமா, வேலை செய்கிற இடத்தில் கேட்டுவிட்டீர்களா என்றாள்.

கேட்டுவிட்டேன் என்றான். அவள் அடுத்ததாக வேலை கொடுப்பவரின் பெயரைக் கேட்டாள். அவன் வாயில் பழக்கத்துக்கு ஏஜென்சியின் பெயர்தான் முதலில் வந்தது. பிறகு திருத்தி, பண்டகசாலையின் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னான்.